வலைக்கு முன்னால் நின்றவர்களில் பெரியவர் யார்?

குளிர் இறங்கி ஐஸ் ஹாக்கி சீசன் சூடுபிடித்தால் போதும், எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்த வாக்குவாதமும் கிளம்பிவிடும். எல்லாக் காலத்துக்குமான சிறந்த கோல்கீப்பர் யார்? மான்ட்ரியல் ரசிகர் என்றால் பாட்ரிக் ருவா என்பார். நியூ ஜெர்சி அணியின் ஆள் மார்ட்டின் ப்ரோடரின் 691 வெற்றிகளை எடுத்து முன்னால் வைப்பார். வயதில் மூத்தவர் யாராவது இருந்தால் இருவரையும் கையமர்த்திவிட்டு டெரி சாச்சக் என்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டொமினிக் ஹாஷெக். செக் நாட்டுக்காரர், பஃபலோ சேபர்ஸ் அணிக்கு ஆடியவர். ஏன் அவர் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. ஆனால் மற்றவர்களையும் நின்று பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும். அவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று தெரியாமல் ஹாஷெக்கின் உயரம் புரியாது.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில விஷயங்கள். கோல் வலையின் வாய் 6 அடி அகலம், 4 அடி உயரம். அடிக்கப்படுவது பந்து அல்ல, பக் எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், ஏறக்குறைய 170 கிராம் எடை. இன்றைய பலமான அடி மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். தாக்கும் அணியின் எல்லை தொடங்கும் நீலக் கோட்டுக்கு அருகிலிருந்து அந்த வேகத்தில் வரும் பக்குக்கு அரை நொடிகூட அவகாசம் கிடையாது. அதுவும் பக் கண்ணுக்குத் தெரிந்தால்தான். பெரும்பாலும் எதிரணி ஆட்கள் இரண்டு மூன்று பேர் கோல்கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். வரும் பக்கின் திசையை மட்டையால் தொட்டு மாற்றிவிடுவார்கள். இப்படிப்பட்ட சூழலில் நூறு ஷாட் வந்தால் தொண்ணூறைத் தடுப்பவர் சுமாரான கோல்கீப்பர். தொண்ணூற்று மூன்றைத் தடுப்பவர் சரித்திரத்தில் இடம்பிடிப்பவர். இந்தப் பதிவு முழுக்க அந்த மூன்றைப் பற்றித்தான்.

சரி, எதை வைத்து அளப்பது? என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீகின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பைகளை எண்ணலாம் என்பார்கள். கோப்பையை வெல்வது அணி. வெற்றிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான்; முன்கள வீரர்கள் ஐந்து கோல் போட்டுத் தந்தால் நான்கு விட்டாலும் வெற்றிக் கணக்கில் ஏறும். ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்ற சராசரி கொஞ்சம் மேல், ஆனால் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் நல்லவர்களாக இருந்தால் ஷாட்டே குறைவாகத்தான் வரும். மிஞ்சுவது ஒன்று: வந்த ஷாட்களில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1980களில் நூற்றுக்கு 88 தடுத்தால் சராசரி. 1990களின் கடைசியில் 91 தடுத்தால்தான் சராசரி. ஆகவே தலைமுறை தாண்டி எண்களை நேருக்கு நேர் வைக்க முடியாது. கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94 ஏன் நம்மை இன்றும் மலைக்க வைக்கிறது? அந்த எண்ணைவிட, அவரோடு அதே ஆடுகளங்களில் ஆடியவர்கள் எவ்வளவு கீழே இருந்தார்கள் என்பதால்தான். கோல்கீப்பரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வெறும் எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் நல்ல உதாரணம். 1928-29 சீசனில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு 44 ஆட்டங்கள்; அவற்றில் 22-இல் ஒரு கோல்கூட விடவில்லை. சரிபாதி! ஆனால் எதிரணியின் எல்லைக்குள் பக்கை முன்னோக்கித் தள்ளிக்கொடுக்கக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது. கோல் போடுவதே பெரும்பாடு. 1929-இல் விதியை மாற்றினார்கள், கோல்கள் கொட்டத் தொடங்கின. ஹெய்ன்ஸ்வொர்த் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அந்த 22-ஐ இன்றைய சாதனைப் பட்டியலில் அப்படியே வைத்துப் பேசுவதில் பொருளில்லை. அதேபோல, சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை 1981 வரை மிகக் குறைந்த கோல் விட்ட அணியின் காப்பாளர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் சிறந்தவர் என்று வாக்கெடுத்துத் தருவது அதற்குப் பிறகுதான். பழைய கோப்பைகளை எண்ணும்போது இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது ஆட்களுக்கு வருவோம். நான் மிகவும் மதிப்பது முகமூடி இல்லாமல் நின்ற அந்தத் தலைமுறையை. யோசித்துப் பாருங்கள், முகத்தில் எதுவும் இல்லை. காலில் கட்டியிருந்த தோல் பேடுகளுக்குள் மான் முடியைத் திணித்திருப்பார்கள். ஆட்டம் போகப் போக ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். மாற்றுக் கோல்கீப்பர் என்று பெஞ்சில் யாரும் கிடையாது. முகம் கிழிந்தால் ஆட்டத்தை நிறுத்தி, உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டு, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இதை மாற்றியவர் ஜாக் பிளான்ட். 1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டவர், முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்றார். பயிற்சியின்போது அவர் ஏற்கெனவே கண்ணாடியிழை முகமூடி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். ஆட்டத்தில் அதை அணிவதைப் பயிற்சியாளர் டோ பிளேக் விரும்பவில்லை. பார்வை மறையும், பயந்தவன் என்ற எண்ணம் வரும் என்பதெல்லாம் அந்தக் காலத்து வாதங்கள். அன்று பிளேக்குக்கு வேறு வழியில்லை. மான்ட்ரியல் 3-1 என்று வென்றது. அதன் பிறகு பல வாரங்கள் அந்த அணி தோற்கவே இல்லை என்பதால் முகமூடியைக் கழற்றச் சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பிளான்ட்டுக்கு முன்பே, 1930-இல், கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி ஒன்றைப் போட்டுச் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஆனால் அதை இந்த விளையாட்டின் வழக்கமாக்கியது பிளான்ட்தான். இன்றுவரை எத்தனை கண்களும் பற்களும் தப்பித்திருக்கும்!

பிளான்ட் யோசிக்கிற ஆள். வலையை விட்டு வெளியே வந்து, பின்னால் போய்ச் சுற்றிவரும் பக்கை நிறுத்தித் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதை ஒரு கலையாக்கியவர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகள். ஐந்திலும் வலைக்கு முன்னால் அவர்தான். ஆஸ்துமாவோடு ஆடினார். ஓய்வு நேரத்தில் கம்பளித் தொப்பி பின்னுவார். ஆனால் அவருக்கு முன்னால் ஆடியவர்கள் யார்? மோரிஸ் ரிஷார், ஜான் பெலிவோ, டக் ஹார்வி. ஹாக்கி வரலாற்றின் மிகப் பலமான அணிகளில் ஒன்று அது. ஹார்வி போன பிறகு 1961-62-இல் தனியாகச் சுமை தாங்கி, லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் பிளான்ட் வாங்கினார் என்பதால் அவரை வெறும் அணியின் நிழல் என்று ஒதுக்க முடியாது. இந்தக் கோப்பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து டெரி சாச்சக். வினிபெக்கில் 1929-இல் பிறந்தவர். அண்ணன் சிறு வயதிலேயே இறந்துபோக, அவருடைய பேடுகளைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் நிற்கத் தொடங்கியவர். சிறுவனாக இருந்தபோது முழங்கை உடைந்து சரியாகக் கூடாததால் வலது கை கடைசிவரை குட்டையாகவே இருந்தது. அந்தக் கையோடுதான் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு முதல் ஐந்து முழு சீசன்களிலும் ஆட்டத்துக்கு 2 கோலுக்கும் குறைவான சராசரியை வைத்திருந்தார். 1952 பிளே-ஆஃபில், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகளில், 8 ஆட்டங்கள், எட்டும் வெற்றி, விட்டது மொத்தமே 5 கோல். நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. சொந்த அரங்கில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. முழங்காலை மடக்கிக் குனிந்து, எதிரே நிற்பவர்களின் கால்களுக்கிடையில் பக்கைத் தேடும் அவருடைய நிலை அப்போது புதுசு.

சாச்சக்கின் வாழ்க்கை படிக்கப் படிக்க மனம் கனக்கும். உடம்பெல்லாம் காயம், ஓயாத மனச்சோர்வு, குடி. முகத்தில் மட்டும் நானூறு தையல்கள் என்பார்கள். 1966-இல் லைஃப் பத்திரிகை ஒப்பனைக் கலைஞரை வைத்து அந்தத் தழும்புகளையெல்லாம் அவர் முகத்தில் வரைந்து படம் எடுத்து வெளியிட்டது. 1967-இல், முப்பத்தேழு வயதில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக ஜானி பௌவருடன் மாறி மாறி ஆடிக் கோப்பை வென்றார். டொராண்டோ அதன் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடவே இல்லை. 1970-இல் சக வீரர் ஒருவருடன் நடந்த கைகலப்பில் பட்ட உள்காயங்களால் நாற்பது வயதில் இறந்துபோனார். கோல் விடாத 103 ஆட்டங்கள் என்ற அவருடைய சாதனை 2009 டிசம்பர் வரை நின்றது.

சாச்சக்கின் முதல் ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்தான் முதலிடம் என்று வாதாடுபவரோடு நான் அதிகம் சண்டை போட மாட்டேன். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் கோர்டி ஹவ், டெட் லிண்ட்சே, ரெட் கெல்லி என்று லீகின் உச்ச அணி அவர் முன்னால் இருந்தது. அதற்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் அந்த உயரம் அங்கங்கே மின்னியது, தொடர்ந்து நிற்கவில்லை.

1955-இல் சாச்சக்கை டெட்ராய்ட் வேறு அணிக்குக் கொடுத்துவிடக் காரணமாக இருந்தவர் கிளென் ஹால். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும்: 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்கள், ஒரு நிமிடம்கூட வெளியே வராமல், முகமூடி இல்லாமல். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வாந்தி எடுப்பார். எடுத்துவிட்டுப் போய் நிற்பார். பயம் இல்லாததைவிட இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இன்று ஒரு கோல்கீப்பர் சீசனில் அறுபது ஆட்டம் ஆடினாலே அதிகம் என்கிறார்கள். 502-ஐ இனி யாரும் தொடப் போவதில்லை.

கென் டிரைடனை இந்தப் போட்டியில் நான் சேர்ப்பதில்லை. 1971-இல் வெறும் ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிய அனுபவத்தோடு வந்து, பாபி ஓர், ஃபில் எஸ்போசிட்டோ இருந்த பாஸ்டனை வீழ்த்திக் கோப்பை வென்றார் என்பது உண்மையிலேயே அதிசயம். எட்டு சீசன்களில் ஆறு கோப்பை. நடுவில் ஒரு வருடம் சட்டத் தொழில் பயிற்சிக்காக விளையாட்டையே விட்டுவிட்டுப் போனார். பின்னால் கனடா நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர். ஹாக்கியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் போல இன்னொன்று வரவில்லை. மனிதராக அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை மற்ற எல்லாரைவிடவும் அதிகம். ஆனால் அவர் நின்ற 397 ஆட்டங்களில் 57-இல் மட்டுமே தோற்ற அந்த எழுபதுகளின் மான்ட்ரியல் அணியில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

ப்ரோடர் விஷயத்தில் பலர் என்னோடு மோதுவார்கள். 691 வெற்றி, கோல் விடாத 125 ஆட்டம், இரண்டும் இன்றும் முதலிடம். மட்டையால் பக்கைக் கையாள்வதில் அவர் அளவுக்கு யாரும் இல்லை. அவர் வலைக்குப் பின்னால் போய் எதிரணித் தாக்குதலையே கலைத்துவிடுகிறார் என்பதால்தான் 2005-இல் கோல்கீப்பர் எங்கெல்லாம் பக்கைத் தொடலாம் என்று கோடு கிழித்தார்கள். ஒரு விதியையே உண்டாக்கிய ஆள் சாதாரணமானவர் அல்ல. இருந்தாலும் ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மையர் என்ற இருவர் முன்னால் நிற்க, நடுக்களத்திலேயே எதிரணியை மடக்கும் ஆட்டமுறையோடு ஆடிய அணி அது. வந்த ஷாட்கள் குறைவு. தடுத்த விகிதத்தில் அவர் தன் காலத்து முதல்வராக இருந்ததில்லை. நீண்ட காலம் மிக நன்றாக ஆடியவர். உச்சம் என்று வரும்போது என் கண் வேறு பக்கம் போகிறது.

பாட்ரிக் ருவா. இவர்தான் உண்மையான போட்டி.

1986-இல் இருபது வயதில் மான்ட்ரியலுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 1993-இல் மறுபடி. அந்த ஆண்டு பிளே-ஆஃபில் கூடுதல் நேரத்துக்குப் போன முதல் ஆட்டத்தில் மான்ட்ரியல் தோற்றது. அதற்குப் பிறகு கூடுதல் நேரத்துக்குப் போன பத்து ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றது. ஒரு கோல் விட்டால் ஆட்டமே முடிந்தது என்ற நிலையில் பத்து முறை! இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் வீரர் தோமஸ் சாண்ட்ஸ்ட்ரோமின் ஷாட்டைத் தடுத்துவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணடித்தது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அந்த நம்பிக்கை அணி முழுவதற்கும் தொற்றும். பிளே-ஆஃபின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை மூன்று முறை வென்றவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்: 1986, 1993, 2001.

1995 டிசம்பர் 2-ஐயும் சொல்ல வேண்டும். மான்ட்ரியல் சொந்த அரங்கில் டெட்ராய்டிடம் 11-1 என்று நொறுங்கிய இரவு. ருவா ஒன்பது கோல் விடும்வரை பயிற்சியாளர் மாரியோ த்ராம்ப்ளே அவரை வெளியே எடுக்கவில்லை. எடுத்ததும் ருவா பயிற்சியாளரைத் தாண்டி நடந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அணி நிர்வாகத்தின் தலைவர் ரொனால்ட் கோரியிடம் போய், இனி இந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்கு நாளில் கொலராடோவுக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஜூனில் கொலராடோ சாம்பியன்.

ருவாவின் இன்னொரு பெருமை இதைவிடப் பெரிது. முழங்கால்களைச் சேர்த்துத் தாழ்த்தி, பாதங்களை இரு பக்கமும் விரித்து வலையின் கீழ்ப்பகுதியை முழுக்க மூடும் பட்டர்ஃபிளை முறைக்கு விதை போட்டவர் கிளென் ஹால். அதைக் கோல்காப்பின் இலக்கணமாக்கியது ருவாவும் அவருடைய பயிற்சியாளர் ஃபிரான்சுவா அலேரும். கியூபெக் மாகாணத்திலிருந்து அவருக்குப் பின்னால் ஒரு தலைமுறையே வந்தது. இன்று உலகில் எந்த அரங்குக்குப் போனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். இந்தத் தொழிலை அதிகம் மாற்றியவர் யார் என்று கேட்டால் ருவா, பிளான்ட் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறு சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலை மாற்றுவது வேறு, தொழிலில் உச்சத்தில் நிற்பது வேறு. நாம் பேசுவது இரண்டாவதை.

இனி ஹாஷெக்.

1965-இல் பர்டுபிட்ஸே நகரில் பிறந்தார். 1983-இல், புது வீரர்களை அணிகள் வரிசையாகப் பிரித்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், சிகாகோ அணி 199-ஆவது ஆளாக அவரைத் தேர்வு செய்தது. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பையன் வருவானா என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லாத காலம். அவர் வந்தது 1990-இல், தன் நாட்டில் எல்லா விருதையும் வாங்கி முடித்த பிறகு, 25 வயதில். சிகாகோவில் எட் பெல்ஃபோர் முதல் இடத்தில் இருந்தார். ஹாஷெக் பெஞ்சில். 1992-இல் அவரைப் பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஆடும் விதத்தைப் பார்த்த வட அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்கு அது ஒரு முறையாகவே தெரியவில்லை. மல்லாந்து விழுவார், உருளுவார், இரண்டு காலையும் ஒரு பக்கமாக வீசுவார். மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் பக்கை அமுக்குவார். தலையால்கூடத் தடுப்பார்.

குருட்டாம்போக்கில் விழுந்து எழுகிறார் என்று அன்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்பவர்கள் உண்டு. பழைய காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவர் கண் பக்கை விட்டு அகலுவதே இல்லை. முதல் ஷாட்டைத் தடுத்து விழும்போதே இரண்டாவது எங்கிருந்து வரும் என்பது தெரிந்து, உடம்பின் ஏதோ ஒரு பாகம் அங்கே போய்க்கொண்டிருக்கும். வலையின் கீழ்ப்பகுதியைப் படுத்தபடி அடைத்துவிட்டு, கால்களையும் கைகளையும் மேலே தூக்கி வைப்பார். அடிப்பவனுக்குத் தெரியும் ஒரே இடைவெளி, அவர் மூடப் போகிற இடைவெளியாக இருக்கும். இதை யாருக்கும் சொல்லித்தர முடியாது. அந்த உடல் வளைவும் அந்த வாசிப்பும் ஒருவருக்கே அமைந்தது. அவருக்குப் பின் ஹாஷெக் பாணி என்று ஒரு பள்ளி வராததை அவருடைய குறையாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அது அவருடைய தனித்தன்மைக்குச் சான்று.

எண்களைப் பாருங்கள். 1993-94 முதல் 1998-99 வரை ஆறு சீசன்கள் தொடர்ந்து என்.எச்.எல்.-இல் தடுப்பு விகிதத்தில் முதலிடம். வேறு யாரும் இப்படி நின்றதில்லை. 1998-99-இல் நூற்றுக்கு 93.7, அந்த ஆண்டு லீக் சராசரி 91-க்குச் சற்றுக் குறைவு. இந்த இடைவெளி சின்னதாகத் தெரியலாம். அந்த சீசனில் அவர்மேல் வந்த ஷாட்கள் கிட்டத்தட்ட 1,900. சராசரி ஆள் நின்றிருந்தால் போயிருக்க வேண்டிய கோல்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை ஹாஷெக் ஒருவராக நிறுத்தியிருக்கிறார். ஒரு சீசனில் ஐம்பது கோல் போடும் முன்கள வீரனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். ஐம்பது கோலை இல்லாமல் ஆக்கியவரை என்ன சொல்வது?

ஹார்ட் கோப்பையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 1962-இல் பிளான்ட் வாங்கிய பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் எந்தக் கோல்கீப்பருக்கும் அது கிடைக்கவில்லை. டிரைடனுக்கு இல்லை, ருவாவுக்கு இல்லை. 1997-இல் ஹாஷெக் வாங்கினார். 1998-இல் மறுபடியும் வாங்கினார். இரண்டு முறை வாங்கிய கோல்கீப்பர் அவர் ஒருவர்தான். கிரெட்ஸ்கி, லெமியூ, யாகர் போன்ற முன்கள மேதைகள் ஆடிய காலத்து லீகில் அது.

அவர் முன்னால் நின்ற அணியை மறக்கக் கூடாது. 1999-இல் கிழக்குப் பிரிவில் ஏழாவது இடத்தில் நுழைந்த பஃபலோ, ஆட்டாவாவையும் பாஸ்டனையும் டொராண்டோவையும் தாண்டி இறுதிக்குப் போனது. எதிரே டல்லஸ், அதன் வலையில் சிகாகோவில் அவருக்கு மேலே இருந்த அதே பெல்ஃபோர். ஆறாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. டல்லஸின் பிரெட் ஹல் கோப்பையைத் தீர்மானித்த கோலைப் போட்டார், அவருடைய ஸ்கேட் கோல் வட்டத்துக்குள் இருந்தது. அந்த சீசன் முழுக்க இப்படிப்பட்ட கோல்களை ரத்து செய்துகொண்டிருந்தார்கள். பக் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்று இதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த சீசனில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பஃபலோக்காரர்களுக்கு இன்றும் ஆறாத கோபம், எனக்கும்தான்.

1994-இல் நியூ ஜெர்சிக்கு எதிராக நான்காவது கூடுதல் நேரம்வரை போன ஒரு ஆட்டம் உண்டு. ஹாஷெக் எழுபது ஷாட்களைத் தடுத்தார், ஒன்றும் விடவில்லை. எதிரே இளம் ப்ரோடர். பஃபலோ 1-0 என்று வென்றது.

எல்லாவற்றுக்கும் மேலே 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ். என்.எச்.எல். தன் சீசனையே நிறுத்தி வீரர்களை அனுப்பிய முதல் ஒலிம்பிக்ஸ் அது. அரையிறுதியில் செக் குடியரசும் கனடாவும். கனடா வலையில் ருவா. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது டிரெவர் லிண்டன் கனடாவுக்காகச் சமன் செய்தார், 1-1. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. ஷூட்-அவுட்: இரு தரப்பிலும் ஐந்து பேர் ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல்கீப்பரை எதிர்கொள்ள வேண்டும். செக் தரப்பில் ரொபர்ட் ரைகல் முதல் ஆளாக வந்து ருவாவைத் தாண்டிப் போட்டார். கனடாவின் ஐவர்: ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ரோஸ், ஷானஹன். ஐந்து பேரையும் ஹாஷெக் திருப்பி அனுப்பினார். லிண்ட்ரோஸின் அடி கம்பத்தில் பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கிரெட்ஸ்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரை அனுப்பவே இல்லை. கனடாவில் அந்த முடிவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இறுதியில் ரஷ்யா. 1-0. ஆறு ஆட்டங்களில் அவர் விட்டது மொத்தம் ஆறு கோல். பிராகா நகரச் சதுக்கத்தில் திரண்ட கூட்டம் ஹாஷெக்கை ஜனாதிபதி மாளிகைக்கு அனுப்பு என்று முழங்கியது. சில ஆண்டுகளில் அந்த வெற்றியை வைத்து ஓர் ஆபெராவே எழுதி மேடையேற்றினார்கள்.

ருவாவோடு நேருக்கு நேர் இன்னொரு கணக்கும் உண்டு. 2002-இல் ஹாஷெக் டெட்ராய்டில். மேற்குப் பிரிவு இறுதியில் கொலராடோ 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்திலும் ஏழாவதிலும் ஹாஷெக் ஒரு கோல்கூட விடவில்லை. ஏழாவது 7-0. ருவாவைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். அந்த ஆண்டு கோப்பை வென்றபோது ஹாஷெக்கின் அணித் தோழர்களில் பிரெட் ஹல் இருந்தார், பிரெண்டன் ஷானஹனும் இருந்தார்.

குறைகளும் உண்டு. 1997 பிளே-ஆஃபில் காயம் என்று வெளியேறினார்; அதைச் சந்தேகித்து எழுதிய பத்திரிகையாளர் மேல் பாய்ந்து தடை வாங்கினார். பயிற்சியாளரோடு ஒத்துப்போகவில்லை, சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். வட அமெரிக்காவுக்கு வந்ததே தாமதம், முதல் இடம் கிடைத்தபோது வயது 28-ஐத் தாண்டிவிட்டது; ஆகவே மொத்த வெற்றிகள் 389 மட்டும். கடைசியாகச் சொன்னதை நான் அவருக்கு எதிராக எண்ணுவதில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஆடிய பத்து வருடமும் ஹாக்கிதான். 45 வயதில் திரும்பிப் போய்ப் பர்டுபிட்ஸேவுக்கு உள்நாட்டுச் சாம்பியன் பட்டத்தையும் வென்று கொடுத்தார்.

ஆகவே என் வரிசை: ஹாஷெக், ருவா, சாச்சக், பிளான்ட், ஹால். ருவாவை இரண்டாவதாக வைப்பது பிளே-ஆஃப் அழுத்தத்தில் அவர் அளவுக்கு யாரும் நிலைத்து நின்றதில்லை என்பதால். ப்ரோடரை ஹாலுக்குக் கீழே வைப்பதை மட்டும் நண்பர்கள் ஏற்க மறுக்கிறார்கள், போகட்டும்.

வரிசைக்கு வெளியே ஒருவரைத் தனியாக வைத்திருக்கிறேன்: சோவியத்தின் விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக். மூன்று ஒலிம்பிக் தங்கம். 1975-இன் கடைசி நாள் இரவு மான்ட்ரியலில் டிரைடனின் கனடியன்ஸ் 38 ஷாட் அடித்தார்கள், சோவியத் ராணுவ அணி அடித்தது 13, ஆட்டம் 3-3. அந்தச் சமநிலைக்கு ட்ரெட்டியாக் ஒருவர்தான் காரணம். என்.எச்.எல்.-இல் ஆடாத அவரை மற்றவர்களோடு எந்தத் தராசில் வைப்பது? மான்ட்ரியல் 1983-இல் அவரைத் தேர்வு செய்தது. சோவியத் அதிகாரிகள் விடவில்லை. 32 வயதில் ஓய்வு பெற்றார். அன்று விட்டிருந்தால், இளைஞர் ருவா 1985-இல் அந்த அணிக்குள் வந்தபோது வலைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பவர் ட்ரெட்டியாக்காக இருந்திருக்கலாம். ருவா இன்னும் சில வருடங்கள் பெஞ்சில் காத்திருந்திருக்கலாம். 1986 கோப்பை யார் பெயரில் பேசப்பட்டிருக்கும் என்பதை மான்ட்ரியல் ரசிகர்களிடமே விட்டுவிடுகிறேன்.